கற்பனை உலகத்துக்கு ஓர் ஆறு: புதிய கேம் மாஸ்டர்களுக்கு வழிகாட்டி

கேம் மாஸ்டர் ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் வீரர்களாக ஆடும் மேசை ஆட்டத்துக்காக முதன்முதலில் ஓர் உலகத்தை உருவாக்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரைகிறார்கள். முதலில் தலைநகரம். அப்புறம் அரக்கன் கோட்டை. நடுவே ஒரு காடு. கடைசியில் தாளில் இடம் வெறிச்சென்று கிடக்கிறதே என்று நீலப் பேனாவால் ஒரு கோடு இழுத்து அதற்கு ஆறு என்று பெயர் வைப்பார்கள். ஆட்டம் சூடு பிடித்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "இந்த ஆத்துல படகு போகுமா? எங்க போய்ச் சேரும்? குதிரையோட கடக்க முடியுமா?" அந்தக் கோட்டிடம் பதில் இருக்காது.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஆற்றை முதலில் வரையுங்கள். நகரம் எங்கே இருக்கும், யார் யாரிடம் வரி வாங்குவார், எந்தப் பாலத்துக்காகச் சண்டை வரும், கொள்ளையர் எந்த வளைவில் பதுங்குவார்கள் என்பதையெல்லாம் அந்த ஆறே உங்களுக்குச் சொல்லிவிடும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மாதிரிக்கு வேறெங்கும் போக வேண்டாம். நாம் தினமும் எல்ஆர்டி ரயிலில் தாண்டிப் போகும் கிள்ளான் ஆற்றிலேயே ஓர் ஆட்ட உலகத்துக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது.

தேவையானவை: புத்தகக் கடையில் கிடைக்கும் மாஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) ஒன்று, பென்சில், ரப்பர், நீலமும் பழுப்புமாக இரண்டு கலர் பென்சில். அறுகோணக் கட்டம் போட்ட தாள் இருந்தால் இன்னும் நல்லது.

முதல் படி: அளவைச் சுருக்குங்கள்

புதியவர்கள் ஒரு கண்டத்தையே வரைய ஆசைப்படுவார்கள். வேண்டாம். கிள்ளான் ஆற்றின் நீளம் சுமார் 120 கிலோமீட்டர்தான். அந்த 120 கிலோமீட்டருக்குள் மலைக்காடு, பள்ளத்தாக்கு, ஈயச் சுரங்கம், தலைநகரம், அரச நகரம், அலையாத்திக் காடு, துறைமுகம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஒரு கட்டம் 10 கிலோமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 12 கட்டம்தான். வளைவுகளைக் கழித்தால் இன்னும் குறையும். மாதக்கணக்கில் ஆட அது தாராளமாகப் போதும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு கற்பனை ஆற்றை வரைந்துகொண்டே போவோம். பெயர் சாம்பலாறு. எரிமலை ஒன்றின் சரிவில் பிறந்து, மேற்கே கடலில் சேருகிறது. நீளம் 120 கிலோமீட்டர்.

இரண்டாம் படி: மேடு பள்ளம், காற்று, மழை

நீலப் பென்சிலைத் தொடாதீர்கள். முதலில் பழுப்புப் பென்சில். எங்கே உயரம், எங்கே தாழ்வு என்று மட்டும் தீட்டுங்கள். தாளின் ஒரு பக்கம் மலைத்தொடர், எதிர்ப் பக்கம் கடல், இடையில் படிப்படியாக இறங்கும் நிலம். மலைத்தொடரின் உச்சி வழியாக ஒரு கோடு போட்டால் அதுதான் நீர்பிரி மேடு. அதன் இந்தப் பக்கம் விழும் மழை உங்கள் ஆற்றுக்கு, அந்தப் பக்கம் விழுவது வேறொருவர் ஆற்றுக்கு. நமக்கு அது தித்திவங்சா மலைத்தொடர். மேற்குச் சரிவின் நீர் மலாக்கா நீரிணைக்கு வருகிறது, கிழக்குச் சரிவின் நீர் பகாங் பக்கம் போகிறது. இரண்டு அரசுகளுக்கு எல்லை வேண்டுமானால் இந்த உச்சிக்கோடு மிக நல்ல எல்லை. போர் நடந்தால் கணவாய்களை மட்டும் காத்தால் போதும்.

அடுத்து, ஈரக்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி. காற்று முட்டும் சரிவில் மழை கொட்டும். மறுசரிவு காய்ந்து கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கமும் தமிழ்நாட்டுப் பக்கமும் இருக்கும் வேறுபாடு இதனால்தான். வைகை பல ஆண்டுகளில் கடலையே எட்டாமல் இராமநாதபுரம் கண்மாயோடு முடிந்துபோகிறது. தாமிரபரணிக்கோ இரண்டு பருவமழையும் கைகொடுப்பதால் அது ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எனப் பெயர் பெற்றது. உங்கள் ஆறு இந்த இரண்டில் எது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். வற்றும் ஆறு என்றால் கோடையில் அது பாதை, மழையில் அது சுவர். ஆட்டத்துக்கு அது அருமையான விஷயம்.

சாம்பலாற்றுக்குக் கடல்காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே எரிமலையின் மேற்குச் சரிவு அடர்காடு. கிழக்கே பாலை.

மூன்றாம் படி: ஆற்றை இறக்குங்கள்

இப்போது நீலம். இங்கே நான்கு விதிகள்தான். இவற்றை மீறிய வரைபடங்களைத்தான் ஆன்லைனில் அதிகம் பார்க்கிறோம்.

ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டும் ஓடும். ஆறுகள் ஒன்றோடொன்று சேரும். போகும் வழியில் சும்மா இரண்டாகப் பிரியாது. ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடியாது. ஒரு ஏரிக்குள் எத்தனை ஆறு வேண்டுமானாலும் நுழையலாம், வெளியேறுவது பொதுவாக ஒன்றுதான், ஏனென்றால் கரையில் எந்த இடம் தாழ்வோ அங்கேதான் நீர் வழியும்.

பிரிவது எங்கே என்றால் டெல்டாவில். நிலம் தட்டையாகி, நீர் வேகம் இழந்து, சுமந்து வந்த வண்டலைப் போட்டு, தன் பாதையைத் தானே அடைத்துக்கொள்ளும் இடத்தில். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம். அதுபோன்ற ஆற்றுத் தீவு வேண்டுமென்றால் கடலோரச் சமவெளியில் வையுங்கள். மலையில் வைக்காதீர்கள்.

விதிவிலக்குகள் உலகத்தில் உண்டு. தென் அமெரிக்காவில் காசிகியாரே என்ற நீர்வழி ஒரினோகோ ஆற்றின் ஒரு பங்கைப் பிரித்து அமேசானுக்குக் கொண்டுபோகிறது. கம்போடியாவின் தொன்லே சாப் ஆறு மழைக்காலத்தில் மெக்கோங் பெருகும்போது திசை மாறிப் பின்னோக்கி ஓடி ஏரியை நிரப்புகிறது. இப்படி ஒன்றை உங்கள் உலகத்திலும் வைக்கலாம். ஆனால் ஒன்றே ஒன்று, அதுவும் அந்த ஊர் மக்கள் அதைப் பற்றிப் பேசும்படி. அதிசயத்துக்கு மதிப்பு அது அரிதாக இருப்பதால்தான்.

சாம்பலாற்றுக்கு மூன்று துணையாறுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கொடுங்கள்: ஒன்று எரிமலைச் சாம்பல் கலந்து கருத்து வரும், ஒன்று சுண்ணாம்புக்கல் மலைக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் காணாமல் போய் மறுபடி வெளியே வரும், ஒன்று காட்டின் இலைச்சாறு ஊறித் தெளிந்த பழுப்பு. சேரும் இடத்தில் இரண்டு நிறமும் சற்றுத் தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இதைச் சொல்லிப் பாருங்கள், வீரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சுண்ணாம்புக்கல்லை விட்டுவிடாதீர்கள். நீரில் கரையும் பாறை அது. பத்துமலையின் குகைகள் அப்படி உருவானவைதான். சரவாக்கின் முலுவில் குகைக்குள்ளேயே ஆறு ஓடுகிறது. நிலவறைச் சாகசம் வேண்டுமானால், "ஏதோ ஒரு மந்திரவாதி கட்டினான்" என்று சொல்வதைவிட "ஆறு குடைந்தது, பிறகு வேறு யாரோ குடியேறினார்கள்" என்று சொன்னால் நம்பும்படி இருக்கும்.

நான்காம் படி: கூடுதுறைக்குப் போய் நின்று பாருங்கள்

இந்தப் படியை வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடாது. மஸ்ஜித் ஜாமேக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்குங்கள். 1909இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசல் நிற்கும் முனையில்தான் வடக்கேயிருந்து வரும் கோம்பாக்கும் கிழக்கேயிருந்து வரும் கிள்ளானும் சேர்கின்றன. ஆற்றோர நடைபாதையில் நின்று அரை மணி நேரம் பாருங்கள். குறிப்பேடு கையில் இருக்கட்டும்.

முதலில் நிலத்தின் வடிவம். மூன்று பக்கமும் நீர், ஒரு பக்கம் மட்டும் தரை. கோட்டை கட்ட இதைவிட இடம் கிடைக்குமா? அடுத்து கரை. மனிதர்கள் கான்கிரீட்டால் நேராக்கிய கரை. ஆறு வளைய முடியாது, அதனால் வேகம்தான் கூடும். பிறகு சுவரில் நீர் ஏறி இறங்கிய கறை. மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே நீர் தே தாரிக் நிறத்தில் ஏறி வரும். உங்கள் வீரர்கள் ஆற்றங்கரையில் கூடாரம் போடும் இரவில் இதைப் பயன்படுத்துங்கள்: வானத்தில் நட்சத்திரம், ஆனால் நீர் ஏறுகிறது. மேலே எங்கேயோ என்னவோ நடந்திருக்கிறது.

இந்த ஊர் ஏன் இங்கே வந்தது? 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா ஈயம் தேடி 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். படகைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இந்தச் சங்கமத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங் போனார்கள். பெரும்பாலோர் காய்ச்சலில் மாண்டார்கள். ஆனாலும் அரிசி வந்து இறங்கவும் ஈயம் ஏற்றிப் போகவும் ஏற்ற இடம் இதுதான் என்பதால் இங்கே கடைகள் முளைத்தன. ஊருக்குக் காரணம் ஈயம். ஊரின் இடத்துக்குக் காரணம் ஆறு. உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் இந்த இரண்டு காரணத்தையும் எழுதிப் பாருங்கள். இரண்டாவது காரணம் எழுத வரவில்லையென்றால் அந்த ஊரை அழித்து வேறிடத்தில் வையுங்கள்.

ஐந்தாம் படி: ஊர்களை வையுங்கள்

ஆற்றில் மனிதர்கள் நிற்க வேண்டிய கட்டாயம் வரும் இடங்கள் சில உண்டு. அங்கேதான் ஊர் வரும். பெரிய படகு இதற்கு மேல் போகாது என்ற இடம், இரண்டு ஆறு சேரும் இடம், இடுப்பளவு நீரில் கடக்கக்கூடிய துறை, மலையிடுக்கு, கடல் ஏற்றம் வந்து நிற்கும் எல்லை, முகத்துவாரம்.

மலையிடுக்குக்கு நம் உதாரணம் கிள்ளான் கேட்ஸ். புக்கிட் தாபூர் என்று நாம் ஏறப்போகும் அந்தக் கூரான வெள்ளைப் படிகப் பாறைத் தொடர் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஆறு அதை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதே இடுக்கில்தான் 1958இல் அணை கட்டினார்கள். உங்கள் உலகத்தில் அங்கே ஒரு சங்கிலி, ஒரு காவல்கோபுரம், அல்லது ஒரு பூதம். மூன்றுமே பொருந்தும்.

முகத்துவாரத்தைத்தான் புதியவர்கள் வீணடிக்கிறார்கள். ஒரு துறைமுகம் வரைந்து விட்டுவிடுகிறார்கள். ஆற்றின் வாயில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் மேலே இருப்பவர்களின் கழுத்து. பழைய சிலாங்கூரில் ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவர் இருந்தார். கிள்ளானில் இருப்பவர், கீழே இறங்கும் ஈயத்துக்கு வரி வாங்கினார். அந்த வரி உரிமையை ஒட்டி எழுந்த பகையில் ராஜா மஹாடியும் ராஜா அப்துல்லாவும் மோத, 1867இல் சிலாங்கூர் உள்நாட்டுப் போர் தொடங்கிப் பல ஆண்டு நீடித்தது. சுரங்கம் ஒருவரிடம், ஆற்றின் வாய் இன்னொருவரிடம்! ஓர் ஆட்டத்தொடருக்கு இதைவிடத் தெளிவான மோதல் தேவையில்லை. மந்திரக்கல், தேவசாபம் எதுவும் வேண்டாம்.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் வந்தபோது, ஆற்றுப் படகுகளின் காலம் முடியத் தொடங்கியது. 1901இல் ஆற்றுத்துறையை விட்டுக் கடலோரத்தில் இன்றைய போர்ட் கிள்ளான் திறக்கப்பட்டது. ஆகவே உங்கள் ஆற்றில் ஒரு பழைய துறையையும் வையுங்கள்: ஒருகாலத்தில் பணக்கார ஊர், இப்போது பாழடைந்த கிடங்குகள். தாமிரபரணி முகத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை, வண்டல் சேர்ந்து சேர்ந்து இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. நெல்வயலுக்கு நடுவே ஒரு துறைமுகம் என்றால் வீரர்கள் கண்டிப்பாகத் தோண்டிப் பார்ப்பார்கள்.

வழிபாடும் ஆற்றோடு சேர்ந்ததுதான். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் பத்து ஆற்றில் நீராடிவிட்டுத்தான் பத்துமலைப் படி ஏறுகிறார்கள். பத்து ஆறு கோம்பாக்கின் துணையாறு. சாம்பலாற்றிலும் அப்படி ஒரு படித்துறை இருக்கட்டும்; அதற்கு மேலே சுரங்கத்துக்காரன் கழிவை விட்டால் கீழே என்ன ஆகும் என்று யோசியுங்கள். பூசாரி, சுரங்க முதலாளி, நடுவில் உங்கள் வீரர்கள்.

ஆறாம் படி: வளைவு, ஆழம், பயண நேரம்

மேல்பகுதியில் ஆறு ஏறக்குறைய நேராக, ஒடுங்கி, பாறையில் குதித்து வரும். சமவெளியில் நெளியும். நெளிவை எவ்வளவு பெரிதாக வரைவது? ஒரு வளைவிலிருந்து அதே பக்கத்து அடுத்த வளைவு, ஆற்றின் அகலத்தைப்போல் பத்து முதல் பதினான்கு மடங்கு தூரத்தில் வரும். 50 மீட்டர் அகல ஆறு என்றால் ஐந்நூறு முதல் எழுநூறு மீட்டர். வரைபடத்தில் அது தெரியாது. ஆனால் சண்டைக்காட்சிக்குப் பெரிதாக்கி வரையும்போது கைகொடுக்கும்.

வளைவின் வெளிக்கரை ஆழம், வேகம், அடியில் அரித்த மண். உட்கரை மணல்திட்டு, ஆழமில்லை. படகை ஒதுக்குவது உட்கரையில். மறைந்திருந்து தாக்குபவர்கள் வெளிக்கரை மேட்டில். படகைச் செலுத்துபவருக்கு எப்போதும் இதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வெள்ளத்தில் வளைவின் கழுத்து அறுந்தால் ஆறு நேராகப் போய்விடும், பழைய வளைவு குருட்டு ஆறாகத் தேங்கும். முதலைக்கு வீடு அதுதான். சரவாக்கின் பாத்தாங் லூப்பாரில் புஜாங் செனாங் என்று பேர் பெற்ற வெள்ளை முதுகு முதலையை 1992இல் கொல்லும்வரை அந்த ஆற்றங்கரையே பயந்து கிடந்தது. அதே ஆற்றில் பெனாக் என்ற ஓத அலையும் உண்டு: கடல் ஏற்றம் சுவராக எழுந்து ஆற்றை எதிர்த்து உள்ளே ஓடிவரும். சாம்பலாற்றின் வாயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இதை வரவழைக்கலாம்.

பயணக் கணக்கை எளிதாக வையுங்கள். கரையோரம் நடந்தால் நாளுக்கு 25 கிலோமீட்டர். நீரோட்டத்தோடு படகில் 40. நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்பும் கழியும் போட்டால் 12 தான். அதாவது கடலுக்கு மூன்று நாள், திரும்பிவரப் பத்து நாள். இந்த ஒரு வேறுபாடே கதையை மாற்றும்: தூது கீழே வேகமாகப் போகும், படை மேலே மெதுவாகத்தான் வரும்.

ஏழாம் படி: வெள்ளமும் மனிதர் கைவேலையும்

ஓர் ஆற்றுக்கு வரலாறு வேண்டும். கோலாலம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1881இல் முதலில் தீ, அதே ஆண்டு வெள்ளம். ஓலையும் பலகையுமாக இருந்த ஊர் அழிந்தது. அதன்பின் செங்கல்லில் கட்டினார்கள். அதற்குச் செங்கல் சுட்ட இடம்தான் இன்று நாம் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் பிரிக்பீல்ட்ஸ். 1926இலும் 1971இலும் மறுபடி பெருவெள்ளம். ஈயம் கழுவிய மண் ஆற்றில் இறங்கி இறங்கிப் படுகை மேடானது. சுரங்கக் குழிகள் தித்திவங்சா ஏரி போல் நீர்நிலைகளாயின.

கோலாலம்பூரில் 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கப்பாதையை ஒவ்வொரு கேம் மாஸ்டரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 9.7 கிலோமீட்டர் நீளம். அதில் ஒரு பகுதியில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சாலை. சாதாரண நாளில் கார் ஓடும். வெள்ளம் பெருகினால் முதலில் சாலைக்கு அடியில் நீரை விடுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் வாகனங்களையெல்லாம் வெளியேற்றி, கதவுகளை மூடி, சாலை ஓடிய அதே குழாய்க்குள் ஆற்றைத் திறந்துவிடுவார்கள். இதை அப்படியே எடுத்து உங்கள் தலைநகரத்தின் அடியில் வையுங்கள். பழைய அரசன் கட்டிய வெள்ளச் சுரங்கம், உள்ளே திருடர் சந்தை. வீரர்கள் உள்ளே போனபிறகு மேலே மழை. கதவு மூடும் மணி மூன்று முறை அடிக்கும்.

மந்திரத்தையும் இந்தப் படியில்தான் சேருங்கள், இதற்கு முன் அல்ல. மலைமேல் ஏறும் ஆறு வேண்டுமா, வையுங்கள். யார் ஏற்றுகிறார்கள், அதற்கு என்ன செலவு, அது நின்றால் எந்த ஊர் மூழ்கும் என்ற மூன்றுக்கும் பதில் எழுதிவிடுங்கள். சாம்பலாற்றில் எரிமலைக்கு அடியில் தூங்கும் ஒரு நாகம் இருக்கிறது. அது புரண்டால் ஊற்று சூடாகும், மீன் செத்துக் கீழே மிதந்து வரும். நீரின் சூட்டை வைத்தே மேலே என்ன நிலைமை என்று மீனவக் கிழவிகள் சொல்வார்கள்.

முதல் ஆட்டத்துக்கு

வரைபடம் முழுவதையும் காட்டாதீர்கள். நகல் எடுத்து, சங்கமத்துக்குக் கீழுள்ள பாதியை மட்டும் கொடுங்கள். மேல்பாதி வெள்ளையாக இருக்கட்டும். ஆட்டத்தைப் படகு நிற்கும் துறையில் தொடங்குங்கள். படகுக்காரருக்கு ஒரு பெயர், ஒரு கடன், மேலே போக மறுப்பதற்கு ஒரு காரணம். ஆங்கிலப் பெயர்களைத் தேடாமல் ஊர்களுக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள்: கருந்துறை, இரட்டைமுனை, நாணல்திட்டு. கேட்டவுடனே அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டால், நீங்கள் வர்ணித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் போன இடங்களை அவர்களையே நீலப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். அவர்கள் வரைந்தது உங்கள் தாளோடு ஒத்துப்போகாவிட்டாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடினால் அவர்களுடையதையே வைத்துக்கொண்டு உங்கள் தாளைத் திருத்துங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் இன்னும் ஒரு துணையாற்றை மட்டும் சேர்த்து, அது எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.